கடித்து வைத்த முந்திரிக்கொத்து

"நீங்களே ஒரு கடி கடிச்சு வையுங்க, டீச்சர்" என்றார் தாணம்மாள்.

மேசைமேல் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் ஒரே ஒரு முந்திரிக்கொத்து. சன்னல் வழியாக வந்த பிற்பகல் வெயில் தட்டில் பட்டுத் திரும்பி, பலகாரத்தின் அடிப்பக்கத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அவர் கையில் தூரிகை இருந்தது. நனைத்த தூரிகை. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவருடைய வெள்ளைப் புடவையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

நான் தட்டைப் பார்த்தேன். பிறகு அறை வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

இது முப்பதுகளின் நடுவில் நடந்தது. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. நாகர்கோயிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் டீச்சர். வயது இருபத்தாறோ இருபத்தேழோ. தாணம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவர்தான் மாணவி, நான்தான் ஆசிரியை.

ஒரு பலகாரத்தைக் கடிப்பதில் என்ன இருக்கிறது என்று இன்றைய வாசகர்கள் கேட்கலாம். அந்த வீட்டில், அந்த அறையில், நான் கடிப்பதில் நிறைய இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் நான் அங்கே போய்ச் சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சும்மா இருக்காத கை

தாணம்மாளின் ஒரே மகன் பூதலிங்கம் பிள்ளை நாகர்கோயில் கோர்ட்டில் வக்கீல். ஊரில் வயலும் தோப்பும் உண்டு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எங்கள் தலைமை ஆசிரியையிடம், தன் அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் படம் வரையக் கற்றுத்தர ஒரு டீச்சர் கிடைப்பாரா என்று கேட்டார். கற்றுக்கொள்ளப் போவது மகளல்ல, அம்மாதான் என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"அம்மைக்குச் சர்க்கரை வியாதி" என்றார் பூதலிங்கம் பிள்ளை. "காலிலே ஒரு புண்ணு வந்து ஆறதுக்கு ஆறு மாசம் ஆச்சு. இனிப்பு கூடாது, அரிசிச்சோறு கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஆனா கை சும்மா இருந்தா அடுக்களைக்குப் போகும். கைக்கு ஒரு வேலை வேணும், பாத்துக்கிடுங்க."

தாணம்மாளின் மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற ஒரு வாட்டர் கலர் பெட்டி வீட்டில் இருந்தது. அதை வைத்துத்தான் இந்த யோசனை.

சனிக்கிழமை தோறும் வில்வண்டி வரும். வயல்களுக்கு நடுவே போகிற பாதை. வண்டிக்காரர் வழி நெடுக யாரிடமாவது பேசிக்கொண்டே வருவார், என்னிடம் மட்டும் பேசமாட்டார். வீட்டின் முன்கட்டில் வலப்பக்கத்து அறை எங்கள் வகுப்பு. அந்த அறையைத் தாண்டி உள்ளே நான் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. காப்பி கண்ணாடிக் கிளாசில் வரும். குடித்த பிறகு முற்றத்துத் தொட்டியில் நானே கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அது வெள்ளாள வீடு, நான் வேதக்காரி. அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுப்பதுபோல் அன்று அது ஒரு பழக்கம்.

மருமகள் கோமதிதான் வீட்டை நடத்தினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அறுவடைக் காலத்தில் இரண்டு பந்தி ஆட்கள் உண்ணும் வீடு அது. அவள் நின்று நான் பார்த்ததில்லை, எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருப்பாள். அடுக்களைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதற்கு முன் முப்பது வருஷம் அது தாணம்மாளின் இடுப்பில் இருந்த சாவி.

செம்பருத்தியில் மனமில்லை

முதலில் பூக்கள் வைத்தேன். செம்பருத்தி, நந்தியாவட்டை. தாணம்மாள் கீழ்ப்படிந்து வரைந்தார். கோடு நன்றாகவே வந்தது, ஆனால் நிறத்தை ஏதோ கடமைக்குப் பூசியதுபோல் இருந்தது. மூன்று நாலு வாரம் ஆன பிறகு, "உங்களுக்கு என்ன வரையணும்னு தோணுது அம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "முந்திரிக்கொத்து" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முந்திரி என்றால் திராட்சை. மற்றவர்கள் முந்திரிப்பருப்பு என்பதை நாங்கள் அண்டிப்பருப்பு என்போம். வறுத்துப் பொடித்த சிறுபயற்றைப் பாகில் போட்டு, தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி, மூன்று உருண்டைகளை ஒட்டவைத்து, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுப்பது முந்திரிக்கொத்து. திராட்சைக் கொத்துபோல் இருப்பதால் அந்தப் பெயர். இந்துக்கள் வீட்டில் தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமசுக்கும் அதே பலகாரம்தான். உடைக்க வலு வேண்டும் என்பதால் பல் போனவர்கள் உரலில் இடித்துத் தின்பார்கள்.

அந்த ஊரில் தாணம்மாள் கை முந்திரிக்கொத்துக்குப் பெயர் உண்டாம். கல்யாண வீடுகளில் பாகு பதம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்களாம். விதவையான பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. வியாதி வந்த பிறகு சொந்த அடுக்களையும் நின்றது.

கோமதியிடம் கேட்டோம். அவள் டின்னிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "படம் வரைஞ்சு முடிஞ்சதும் இது எனக்குத் திரும்பி வரணும்" என்று பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வரும் வரும். நான் திங்கமாட்டேன்னு சத்தியம் பண்ணித் தந்திருக்கேன்லா" என்றார் தாணம்மாள்.

குலதெய்வத்தின் பெயரில், விளக்கின் முன் மகன் கேட்டு வாங்கிய சத்தியம் அது.

ஒரு படத்துக்கு ஒரு குறை

சென்னைப் பட்டணத்தில் நான் டிராயிங் பரீட்சைக்குப் படித்தபோது எங்களுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். நம் படத்துக்கு முன்னால் வந்து நிற்பார். ஒரு நல்ல இடத்தைக் காட்டி "இது நிற்கிறது" என்பார். பிறகு இன்னொரு இடத்தில் விரலை வைப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். விரல் பட்ட இடத்தில் என்ன கோளாறு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். சில பெண்கள் அழுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் டீச்சரான பிறகு அந்த முறையில் பாதியை எடுத்துக்கொண்டேன். நிற்கிற இடத்தைச் சொல்வேன். ஒரு படத்துக்கு ஒரு குறை மட்டும் சொல்வேன். ஆனால் வாயைத் திறந்து, காரணத்தோடு சொல்வேன். மாணவர் தாளில் என் தூரிகையை வைக்கமாட்டேன்.

தாணம்மாள் வரைந்த முதல் முந்திரிக்கொத்துப் படத்தில் தட்டு முழுதும், மேசையில் பாதியும், சன்னல் கம்பிகள் நாலும் இருந்தன. நடுவில் பலகாரம் நெல்லிக்காய் அளவில் கிடந்தது.

"தட்டோட வட்டம் அழகா நிக்குது" என்றேன். "ஆனா இது முந்திரிக்கொத்துன்னு எனக்குத் தெரியும், அதனாலே தெரியுது. தெரியாதவங்க மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலே பொறுக்கின கல்லுன்னு சொல்லுவாங்க."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல்லுதான்" என்றார். "என்ன செய்யணும்?"

"கிட்டப் போங்க. தட்டு வேண்டாம், மேசை வேண்டாம். பலகாரம் மட்டும் போதும். தாள் கொள்ளாம நிறையட்டும்."

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது தாள் நிறைய முந்திரிக்கொத்து இருந்தது. மாவு பொரிந்த குமிழிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. மூன்று உருண்டைகளும் சேருகிற இடுக்கில் எண்ணெய் தங்கிக் கறுத்திருந்தது. அடியில் மாவு வழிந்து உறைந்த ஓரம், சட்டை மடிப்புபோல். ஒரு பலகாரத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று நான் சொன்ன குறை நிறத்தைப் பற்றியது. நிழலுக்குக் கறுப்பைக் கலந்திருந்தார், அது கரி பூசியதுபோல் இருந்தது. காவியோடு நீலத்தைக் கலந்து காட்டினேன், வேறொரு தாளில். அவர் கலந்து பார்த்துவிட்டு, "கருப்பட்டி நெறம்!" என்று சத்தம்போட்டார். கோமதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பல் பட்ட இடம்

நிழல் சரியான பிறகும் அவருக்கு நிறைவில்லை.

"மேலே தோடுதான் தெரியுது, டீச்சர். உள்ளே இருக்கதுதானே பலகாரம்?"

உண்மைதான். உடைத்து வரையுங்கள் என்றேன். உடைத்தார். உள்ளே பயற்றின் பழுப்பும் தேங்காய்த் துருவலின் வெள்ளையும் எள்ளும் சேர்ந்து நன்றாக வந்தது. உடைந்த இரண்டு துண்டுகளை எண்ணிக்கை தவறாமல் கோமதியிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் படத்தை அடுத்த வாரம் நெடுநேரம் பார்த்தேன்.

"உள்பக்கம் நிக்குது" என்றேன். "ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? இது கையிலேயிருந்து கீழே விழுந்து உடைஞ்ச மாதிரி இருக்கு. நீங்க நெனச்சது அதுதானா?"

அவர் தூரிகையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இல்லே. ஒருத்தி ஆசையா ஒரு கடி கடிச்சிட்டு, யாரோ கூப்பிட்டாங்கன்னு வச்சிட்டு எழும்பிப் போயிருக்கா. இப்பம் வந்து மிச்சத்தைத் திம்பா. அப்படி வேணும்."

"அப்படின்னா பல்லு பட்ட இடம் வேணும் அம்மா. உடைச்ச இடம் வேற, கடிச்ச இடம் வேற."

சொல்லும்போது படத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். அவரால் கடிக்க முடியாது. வீட்டில் வேறு யாராவது கடித்துத் தருவார்களா என்றால், கடித்ததைத் தட்டில் வைத்து வாரக்கணக்கில் வரைகிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. எச்சில் எச்சில்தான். கோமதியிடம் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் தாணம்மாள், நான் தொடக்கத்தில் எழுதிய வார்த்தையைச் சொன்னார்.

"அம்மா, நான் எப்படி…"

"எனக்குத் தெரியும்" என்றார். "எனக்குப் படம் வேணும்."

எடுத்துக் கடித்தேன். என் மேல்வரிசைப் பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும். கடினமான பண்டத்தைக் கடித்தால் ஓரமாகத்தான் கடிப்பேன். பாகு நல்ல பதம். வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்கா வறுத்துதான் போட்டிருக்காளா?" என்று கேட்டார்.

"வறுத்துதான்."

"ஏலக்கா?"

"கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"அவ எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை என் கையிலிருந்து வாங்கித் தட்டில், வெயில் படுகிற கோணத்தில் வைத்தார். தட்டை எறும்பு ஏறாமல் இருக்க ஒரு சருவப் பாத்திரத்துத் தண்ணீருக்கு நடுவே வைத்தார். உடனே வரையத் தொடங்கினார்.

வக்கீலின் கேள்வி

அடுத்த சனிக்கிழமை படம் பாதிக்குமேல் வந்திருந்தது. பேச்சில்லாமல் வேலை நடந்துகொண்டிருந்தது. கோமதி காப்பி கொண்டுவந்தவள் மேசையைப் பார்த்து நின்றாள். அவள் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"அத்தை, இது என்னது?"

பதில் வருமுன்னே உள்ளே போய்விட்டாள். கோர்ட் விடுமுறையோ என்னவோ, பூதலிங்கம் பிள்ளை வீட்டில் இருந்தார். வந்தார். கையில் கண்ணாடி, துடைத்துக்கொண்டே வந்தார்.

தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அவருக்குக் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமில்லை, பயம்.

"ஏம்மா… சத்தியம் பண்ணித் தந்தியளே. இனி புண்ணு வந்தா காலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னது ஓர்மையில்லியா?"

நான் என் மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன். தாணம்மாள் என்ன சொன்னாலும் யாருக்காவது கெடுதல்தான். தானே தின்றதாகச் சொன்னால் சத்தியம் போகும், படம் வரைவதும் போகும். உண்மையைச் சொன்னால் என் கதை முடியும்.

"நான் திங்கல்லே மக்கா" என்றார். "டீச்சர் கடிச்சது. நான்தான் கடிக்கச் சொன்னேன்."

கோமதி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். வைத்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

பூதலிங்கம் பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்று மேடைகளில் பேசியவர் அவர். திருவனந்தபுரத்தில் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டதாகவும் சொல்வார்கள். அது நடிப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது திருவனந்தபுரம்.

அவர் கேட்டார்: "கடிச்சது சரி. அதை வீட்டுத் தட்டிலேயா வைக்கணும்? ஒரு வாழையிலையிலே வச்சிருக்கப்படாதா?"

"இலையிலே வச்சா அடியிலே வெளிச்சம் விழாதே" என்றார் தாணம்மாள். "பித்தளையிலே வச்சாதான் விழும். இங்க வந்து நின்னு பாரு."

மகன் வரவில்லை. அவர் கேட்டது எதைப் பற்றி, அம்மா சொன்னது எதைப் பற்றி என்று அவருக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். தாணம்மாளுக்குக் குழப்பமில்லை. அவரிடம் தட்டைப் பற்றிக் கேட்டார்கள், தட்டைப் பற்றிச் சொன்னார்.

என்னை வண்டிவரை கொண்டுவந்துவிட்டது பூதலிங்கம் பிள்ளைதான்.

"டீச்சர், தப்பா நெனைக்கப்படாது. வீட்டிலே பொம்பளையளுக்குக் கொஞ்சம்… கொஞ்ச நாளு போட்டும். நான் வண்டி அனுப்புகேன்."

நல்ல மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வண்டி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பிறகு நான் சனிக்கிழமைகளில் துணி துவைக்கத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டு வாசலில்

எங்கள் வீடு கோயில் தெருவில் இருந்தது. கோயில் என்றால் எங்கள் சபைக் கோயில். ஓட்டு வீடு, ஒரு அறை, ஒரு சாய்ப்பு, பின்னால் இரண்டு தென்னை. நானும் என் அம்மையும்தான்.

மாம்பூ பூக்கிற மாதம். காலையில் நான் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தபோது அம்மை ஓடிவந்தாள்.

"ஏட்டி, வில்வண்டியிலே ஒரு பெரிய வீட்டு அம்மா வந்திருக்காவ. வாசலிலே நிக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

சோப்பு நுரையோடு ஓடினேன். தாணம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு சுருள். வண்டிக்காரர் முகத்தை மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். "பொய்யில்லே. ஆஸ்பத்திரிக்கும் போவணும். மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கு. உள்ளே வரலாமா?"

அம்மை ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவருக்கு என்ன கொடுப்பது, கொடுத்தால் வாங்குவாரா என்று அவள் அடுப்படியில் நின்று கையைப் பிசைந்தது எனக்குத் தெரிந்தது. தாணம்மாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "தாகமா இருக்கு, சூடு வெள்ளம் இருந்தா ஒரு சொம்பு தாங்க" என்று அவரே கேட்டார். குடித்தார். உடனே சுருளைப் பிரித்தார்.

முதலில் அந்த முந்திரிக்கொத்து. நான் கடித்து வைத்ததை, மகன் பார்த்த அன்று சாயங்காலமே கோமதி கோழிக்குப் போட்டுவிட்டாளாம். படத்தின் மிச்சத்தைத் தாணம்மாள் மனதிலிருந்தே முடித்திருந்தார். கடித்த இடத்தில் என் திரும்பிய பல்லின் தடம் சாய்வாக, அப்படியே இருந்தது. பலகாரம் இன்னும் ஈரமாக இருப்பதுபோல், கடித்தவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள் என்பதுபோல்.

"குறை சொல்லுங்க" என்றார்.

தேடினேன். "வலது ஓரத்திலே இருக்க உருண்டை கொஞ்சம் கனம் குறைவா இருக்கு. நிழலை இன்னொரு தடவை பூசணும்" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு அடுத்த தாளை மேலே வைத்தார்.

இது புதியது. ஒரு கிண்ணத்துக்கு நேர் மேலிருந்து பார்த்ததுபோல் வரைந்திருந்தார். கிண்ணத்தின் விளிம்புகூட முழுதாகத் தாளில் இல்லை. நிறைய கோதுமைக் கஞ்சி. மேலே மெல்லிய ஆடை படர்ந்து, நடுவில் சுருங்கி, ஒரு பக்கம் கிண்ணத்தில் ஒட்டி உலர்ந்திருந்தது. மூலையில் ஒரு துண்டு பாகற்காய். பழுப்பும் சாம்பலும் தவிர வேறு நிறமே இல்லை. அந்த இரண்டு நிறத்திலேயே எத்தனை வித்தியாசம்!

முந்திரிக்கொத்தைவிட இதுதான் நல்ல படம். அது எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னேன். பிறகு வழக்கப்படி ஒரு குறை தேடினேன்.

"ஒண்ணே ஒண்ணு அம்மா. கஞ்சி ஆறிப்போன மாதிரி இருக்கு. கிண்ணத்து ஓரத்திலே கொஞ்சம் பளபளப்பு விட்டா, சூடா இப்பம்தான் ஊத்தினதுன்னு தோணும்."

"ஆறின கஞ்சிதான், டீச்சர்" என்றார் தாணம்மாள். குரலில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. "எல்லாரும் உண்டு முடிஞ்ச பெறவுதான் எனக்கு வரும். காச்சினது காலம்பற. ஆறினதை ஆறினதாத்தானே வரையணும்?"

அம்மை அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "அப்படின்னா குறை ஒண்ணும் இல்லை."

அவர் படங்களைச் சுருட்டினார். வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று.

சூடு

அடுத்த மாதம் அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"கஞ்சிப் படத்தை உண்ணுக எடத்திலே சுவரிலே ஒட்டி வச்சேன்" என்றார். "ஒண்ணும் சொல்லல்லே. சும்மா ஒட்டினேன். கோமதி ரெண்டு நாளு பாத்தா. மூணாம் நாளு, 'அத்தை, உங்களுக்கு எப்பவும் இப்படித்தான் வருதா'ன்னு கேட்டா. ஆமான்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அழுதா. பாவம், அவளும் என்ன செய்வா? விடியுமுன்னே எந்திரிக்கா, படுக்கப் பாதிராத்திரி ஆவுது. என் கஞ்சியைக் கொண்டுவாறது வேலைக்காரி. அவ பாத்ததே இல்லே." சுருளைப் பிரித்துக்கொண்டே, "மகன் அங்கன உக்காந்து உண்ணும்போ அந்தப் படத்தைப் பாக்காம இலையைப் பாத்து உண்ணுகான். படத்தை எடுக்கச் சொல்லல்லே. நான் இங்க வாறதும் அவனுக்குத் தெரியும். வண்டிக்காரன் சொல்லியிருப்பான். அதையும் கேக்கல்லே" என்றார்.

"இப்பம் கஞ்சி?"

"இப்பம் அடுப்பிலேருந்து இறக்கினதும் கோமதியே கொண்டுவாறா. குடிச்சு முடிக்கதுவரை எதிரிலேயே நிக்கா. வாயி பொள்ளுது, டீச்சர்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சுருளிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே கிண்ணம், அதே கஞ்சி, இந்த முறை எதிரிலிருந்து பார்த்தது. ஆடை இல்லை. ஓரத்தில் பளபளப்பு நன்றாக வந்திருந்தது. ஆனால் கிண்ணத்துக்கு மேலே வெள்ளைச் சாயத்தில் ஏதோ வளைந்து வளைந்து நின்றது, பூனையின் வாலைப்போல.

"ஆவி" என்றார் தாணம்மாள். "எத்தனை தடவை வரைஞ்சும் வரல்லே. எப்படி வரையதுன்னு சொல்லித் தாங்க."

"ஆவியை வரையவே முடியாது அம்மா" என்றேன். "அதுக்குப் பின்னாலே இருக்கதைத்தான் கொஞ்சம் அழிக்கணும்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நான் ஒரு கிளாசில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தூரிகையை அதில் நனைத்து, சாயம் எதுவும் தொடாமல், அவர் கையில் கொடுத்தேன்.

"கிண்ணத்துக்கு மேலே, பின்னாலே பூசின பழுப்பை மெதுவாத் துடைச்சு எடுங்க. சாயம் இளகும். இளகினதும் துணியாலே ஒத்திப் பாருங்க."

அவர் குனிந்து துடைக்கத் தொடங்கினார்.